நீங்கள் சொன்ன அதே ஈயம்

ஒரே ஒரு சொல். அதை நான் சொல்லியிருந்தால் ஒரு மனிதர் சயாமுக்குப் போயிருக்க மாட்டார். நான் சொல்லவில்லை. தெரியாமல் அல்ல... தெரிந்தே வாயை மூடிக்கொண்டேன்!

இதைப் படிக்கிற உங்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். கிள்ளானில் பழைய ஆட்கள் இன்றும் என்னை ‘எண்ணெய் வேலு’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் கொட்டையைப் பிழிந்து லோரி ஓட்டிய ஆள் என்று கலியாண வீடுகளில் என்னைச் சுட்டிக் காட்டுவார்கள். மாலைகூடப் போட்டிருக்கிறார்கள். அந்த மாலை என் கழுத்தில் எப்படி அரித்தது என்று உங்களுக்குத் தெரியுமா?

ஓட்டியது உண்மை. அதில் பொய்யில்லை. அந்தச் சந்தோஷத்தையும் நான் மறைக்கப் போவதில்லை. மறைத்தால் இந்த வாக்குமூலம் பாதிப் பொய்யாகிவிடும்.

நான் மலாயாவின் ரவாங்கில் பிறந்தவன். அப்பா லம்பத்தில் கூலி. மண்ணைத் தண்ணீரால் அடித்துக் கழுவி ஈயம் எடுக்கிற சுரங்கத்தைத்தான் நாங்கள் லம்பம் என்போம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. வளர்ந்து கிள்ளானுக்கு வந்து, மரைக்காயர் முதலாளியின் லோரிக் கொட்டகையில் எஞ்சின் பழுது பார்க்கிற ‘பிட்டர்’ வேலைக்குச் சேர்ந்தேன்.

பிறவியிலேயே பயந்தவன் நான். கதவைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து பார்க்கிற ரகம். வானம் கறுத்தால் வெள்ளம் என்பேன். பிள்ளை தும்மினால் காய்ச்சல் என்பேன். “ஒனக்கு மட்டும் நாளைக்கே உலகம் அழியுதுய்யா” என்பாள் என் மனைவி அஞ்சலை.

ஒருநாள் உண்மையிலேயே அழிந்தது... வெள்ளைக்காரன் ஓடினான், ஜப்பான்காரன் வந்தான்.

முதலாளியிடம் இரண்டு லோரிகள். பெட்ரோலில் ஓடுவதை ஜப்பான்காரன் வந்ததும் எடுத்துக்கொண்டான். டீசல் லோரியை விட்டுவிட்டான். ஊற்ற டீசல் இருந்தால்தானே எடுப்பதற்கு! கொட்டகையின் மூலையில் அது யானைபோல் நின்றது. அதன்கீழ் கோழி முட்டையிட்டது.

பிறகு சயாம் பேச்சு வந்தது. ரயில் பாதை போட ஆள் வேண்டுமாம். முதலில் ஆசை காட்டிக் கூட்டிப் போனார்கள். பிறகு தோட்டத்துக்குள் புகுந்து பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. தூங்கும்போதும் சட்டையைப் போட்டுக்கொண்டே தூங்கினேன்... பிடித்துக்கொண்டு போனால் குளிருமே என்று!

வண்டிகளுக்குப் பொறுப்பாக இருந்த ஜப்பானிய அதிகாரி ஒருநாள் கொட்டகைக்கு வந்தான். அரைகுறை மலாயில் பேசுவான். டீசல் லோரியைச் சுற்றி வந்து, அதன் மூக்கில் தட்டினான். இது ஓடினால் இங்கே வேலை செய்பவர்களுக்குக் கைப்பட்டை கொடுப்பானாம். அந்தப் பட்டையைக் கட்டியவனை எவனும் சயாமுக்குப் பிடிக்க மாட்டானாம்.

“ஓடலைன்னா?” என்று முதலாளி கேட்டார்.

அவன் சிரித்தான்.

அப்போதுதான் கந்தையா எங்கள் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த யாழ்ப்பாணத்துக்காரர். என் வயதுதான் இருக்கும். ரப்பர் ஆராய்ச்சி செய்கிற ஓர் இடத்தில் சோதனைச்சாலை உதவியாளாக இருந்தவர். துரைமார் ஓடியதும் வேலை போயிற்று. மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் உடைந்து, அட்டையை ஒட்டியிருந்தார். அந்தக் காலத்தில் புதுக் கண்ணாடிக்கு எங்கே போவது! மற்றக் கண்ணுக்கும் எதிரில் நிற்பவனின் முகம் புகைமாதிரிதான் தெரியும்.

“முதலாளி, ரப்பர் கொட்டையிலை எண்ணெய் இருக்குது. தின்ன ஏலாது, விஷம். ஆனா எஞ்சினுக்கு விஷமில்லைக் காணும்!” என்றார்.

தோட்டங்களில் பால் வெட்டு நின்றுபோயிருந்தது. மரத்தடியில் கொட்டைகள் குவிந்து கிடந்தன. வெயில் ஏறினால் காய்கள் பட்டுப் பட்டென்று வெடிக்கும். பெண்கள் பொறுக்கி வந்தார்கள். தேங்காய் எண்ணெய் ஆட்டுகிற செக்கில் போட்டுப் பிழிந்தோம். கறுத்த, கெட்டியான, கசந்த வாடை அடிக்கிற எண்ணெய்.

அப்படியே ஊற்றினேன். வண்டி கிளம்பியது! கொட்டகை வாசல் தாண்டியது... அங்கேயே இருமி நின்றது. எஞ்சினுக்குள் எண்ணெய் பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றினால் தார் மாதிரிப் பிசின்.

“தடிப்பு எண்ணெய். மெல்லிசாக்க வேணும். சாராயம் சேர்த்துக் காய்ச்சினால் ரெண்டும் பிணைஞ்சு வேறை எண்ணெயாய் மாறும். ஆனா அதுகள் தானாய்ச் சேராது. ஒரு தரகர் வேணும்” என்றார் கந்தையா.

“தரகரா?”

“கலியாணத் தரகர் காணும்! தான் மாலை போடமாட்டார், மற்றவைக்குப் போட்டுவைப்பார். பந்தியிலை சாப்பிட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுவார். வந்த ஆள் வந்தபடியே போவார், ஒரு இறாத்தல் குறையாது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. விஷயமும் மண்டையில் ஏறியது. பள்ளிக்கூடத்தில் இப்படி ஒருவர் சொல்லித் தந்திருந்தால் நான் மூன்றாம் வகுப்போடு நிறுத்தியிருக்க மாட்டேனோ என்னவோ!

சாராயத்துக்கு அஞ்சலை. மரவள்ளிக் கிழங்கைப் புளிக்கவைத்து வடிப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. “குடிக்கிற சாமானக் கொண்டுபோய் லோரிக்கு ஊத்துறியே, நீயெல்லாம் மனுசனா?” என்று திட்டிக்கொண்டே வடித்துக் கொடுத்தாள்.

முதல் தரகர் வெள்ளாவிக்குப் போடுகிற சோடாக்காரம். காய்ச்சினோம். ஆறியதும் பீப்பாய்க்குள் பார்த்தால்... சவுக்காரம்! கட்டிக் கட்டியாகச் சவுக்காரம்! எண்ணெய் புளித்துப் போயிருந்ததால் காரத்தோடு சேர்ந்து அப்படி ஆகிவிட்டது என்றார் கந்தையா. முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பெண்களோ கொட்டகையை முற்றுகையிட்டார்கள். துவைக்கச் சவுக்காரம் இல்லாமல் சாம்பலால் தேய்த்துக்கொண்டிருந்த காலம் அது.

“அடுத்த தோல்வி எப்பண்ணே?” என்று ஒருத்தி என்னைக் கேட்டாள்.

கந்தையா மட்டும் கலங்கவில்லை. இரண்டு நாள் கொட்டகையைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தார். பிறகு வந்து சொன்னார்.

“புளிச்ச எண்ணெய்க்குக் காரம் சரிவராது. உலோகம் வேணும். ஈயம் கொண்டு வாரும் வேலு. அரத்தாலை ராவித் தூளாக்கி, துணிப்பையிலை தைச்சு, கம்பியிலை கட்டிப் பீப்பாய்க்குள்ளை தொங்கவிடும். வேலை முடிஞ்சா எடுத்துக் கழுவித் திரும்பப் போடலாம்.”

ஈயம்!

அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் துள்ளினேன். ஈயத்துக்கு என்ன பஞ்சம்? நான் பிறந்ததே ஈயத்தில்தானே! சைக்கிளை எடுத்துக்கொண்டு ரவாங்கிற்குப் போனேன். பழைய லம்பத்தில் வேலை செய்த என் மாமன் தன் படுக்கைக்கு அடியில் உருக்கிய ஈயக்கட்டிகளைப் பதுக்கி வைத்திருந்தான். அங்கேயே உட்கார்ந்து ராவினேன். வெள்ளி மாதிரித் தூள். அங்கேயே பையில் போட்டு, வாயைத் தைத்து, சட்டைக்குள் கட்டிக்கொண்டு திரும்பினேன்.

கந்தையா பையைக் கையில் வாங்கி எடை பார்த்தார். “நல்லது” என்றார். பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்தாலும் அந்தக் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும்?

பீப்பாய்க்குமேல் ஓர் உயரமான குழாய் வைத்தோம். மேலே போகிற சாராய ஆவி குளிர்ந்து திரும்பி உள்ளேயே சொட்டும்படி. விடிந்ததிலிருந்து சாயங்காலம்வரை சிறு தீ. வெடித்துவிடுமோ என்று நான் மரத்துக்குப் பின்னால் நின்று விறகு எறிந்தேன். ஆறவைத்தோம். அடியில் தேன்போல் ஒன்று தங்கியது. அதை வடித்துவிட்டு, மேலே நின்றதை வெந்நீரால் அலசினோம்.

ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வெயிலில் காட்டினேன்... ஐயோ, அந்த நிறம்! வடித்த தேநீர்போல்! அடியில் வைத்த என் விரல் ரேகை தெரிந்தது!

ஊற்றினோம். சுழற்றினேன். ஒரு இருமல் இல்லை, ஒரு முனகல் இல்லை. லோரி நின்ற இடத்தில் நின்று பாடியது! முதலாளி “அல்லாஹு அக்பர்” என்று கத்திக்கொண்டே மட்கார்டைக் கட்டிப் பிடித்தார். அதன்கீழிருந்த கோழி பறந்து ஓடியது.

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ்வரை ஓட்டினோம். வழியெல்லாம் ஆட்கள் வெளியே ஓடி வந்தார்கள். ஏன் தெரியுமா? அந்தப் புகை வடை சுடுகிற வாசனை அடித்தது! அரிசி இல்லை, பருப்பு இல்லை, கிழங்கையும் கீரையையும் தின்று நாக்குச் செத்த ஜனங்கள்... “எங்கய்யா வடை?” என்று லோரிக்குப் பின்னால் ஓடி வந்தார்கள்!

பங்சார் மேட்டில் ஏறும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வண்டி பிடிக்கவில்லை. ஏறியது! மேட்டின் உச்சியில் கந்தையா என் முதுகில் ஓங்கி அறைந்தார்.

“வெண்டிட்டம் காணும்! வெண்டிட்டம்!”

ஜெயித்துவிட்டோம் என்பதற்கு அவர் ஊர்ப் பேச்சு அது. அந்த அறையின் சூடு இன்னும் என் முதுகில் இருக்கிறது. என் வாழ்க்கையில் பயமே இல்லாத ஒரு கணம் உண்டென்றால் அதுதான்.

கைப்பட்டைகள் வந்தன. முதலாளி, கந்தையா, நான். அன்று சட்டையைக் கழற்றிவிட்டுத் தூங்கினேன்.

இங்கேயே நான் இதை முடித்துவிடலாமே... கலியாண வீடுகளில் இங்கேதான் முடிப்பேன். நீங்களும் கைதட்டிவிட்டுப் போவீர்கள்.

சில மாதங்களில் அதிகாரிக்கு ஆசை பெருகியது. கிள்ளானுக்குப் பக்கத்தில் தெலுக் பங்லிமா காராங்கில் பூட்டிக் கிடந்த ஒரு தேங்காய் எண்ணெய் ஆலையில் அண்டா மாதிரிப் பெரிய கொப்பரை இருந்தது. அங்கே நிறையக் காய்ச்ச வேண்டும், பல லோரிகள் ஓட வேண்டும் என்றான். கந்தையாவை முன்னால் அனுப்பினான். எடுபிடிக்கு நானும் போனேன்.

“கிள்ளான் பீப்பாய் நிக்கப்படாது. பை அங்கையே இருக்கட்டும். இங்கை புதுசாய்ச் செய்வம்” என்றார் கந்தையா.

ஆலைக்குப் பின்னால் செத்த லோரிகளின் பேட்டரிகள் அடுக்கிக் கிடந்தன. அவர் அவற்றை உடைக்கச் சொன்னார். உள்ளேயிருந்து கறுத்த தகடுகளை உருவினார். கழுவி, அடுப்பில் உருக்கினார்.

“என்னங்கய்யா இது?”

“ஈயம் காணும். வேறையென்ன?”

என் கையிலிருந்த இடுக்கி அப்படியே நின்றது.

உங்களுக்குச் சொல்ல வேண்டும். லம்பத்தில் எடுப்பதை நாங்கள் ஈயம் என்போம். பாத்திரத்துக்குப் பூசுகிற அந்த வெள்ளைச் சாமான். பேட்டரிக்குள் இருக்கிற கறுத்த, கனத்த சாமான் எங்களுக்குக் காரீயம். மலாய்க்காரர்கள்கூட எங்கள் ஈயத்தைத் தீமா என்றும் அதைக் கறுப்புத் தீமா என்றும் பிரித்துத்தான் சொல்வார்கள். ஆனால் கந்தையா படித்த புத்தகத்தில் இது ஈயம். நான் கொண்டுவந்தது அவருக்கு வெள்ளீயம்!

அவர் ஒன்றைக் கேட்டார். நான் வேறொன்றைக் கொண்டுவந்தேன். ஓடியது அவருடைய ஈயம் அல்ல, என்னுடைய ஈயம்! தவறுதலாக ஜெயித்திருக்கிறோம்!

எனக்குச் சிரிப்பு முட்டியது. “ஐயா...” என்று ஆரம்பித்தேன். சத்தியமாக ஆரம்பித்தேன்! என் வாய் திறந்திருந்தது. சொல் நாக்கு நுனியில் இருந்தது.

அப்போது முதலாளி வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். மூச்சு இரைத்தது.

“கைப்பட்டையெல்லாம் திருப்பி வாங்குறானுவ. சயாமுக்கு இன்னும் ஆள் கேக்குறானுவளாம். லோரி என்னுதுன்னு என்னைய விட்டுட்டானுவ. எண்ணெய் வித்தை தெரிஞ்சவன் ஒருத்தன் இருந்தாப் போதுமாம். மத்தவனெல்லாம் ரயில் ஏறணுமாம்டா...”

ஒருத்தன்!

கந்தையா முதலாளியைப் பார்த்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். “என்னவோ சொல்ல வந்தீரே?”

நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கேட்க எனக்கு உரிமையில்லை. ஆனாலும் கேட்கிறேன்...

நான் கணக்குப் போட்டேன். மூன்றாம் வகுப்புக் கணக்கு. சொன்னால் வித்தை முழுவதும் அவருடையது. படித்தவர், ஆங்கிலம் தெரிந்தவர், சோதனைச்சாலையில் இருந்தவர். நான் யார்? அரம் பிடிக்கிற கை. அரம் பிடிக்கிற கைக்கு ஊரில் பஞ்சமா? சொல்லாவிட்டால்... வித்தை நான் தைத்த பைக்குள்.

“ஒண்ணுமில்லீங்கய்யா. தகடு சூடா இருக்கு, பாத்துத் தொடுங்கன்னு சொல்ல வந்தேன்.”

“நல்ல மனுசன் நீர்!” என்று சிரித்தார் கந்தையா.

மறுநாள் அதிகாரி முன்னால் கொப்பரையைத் திறந்தார்கள். காரீயம் ஏன் கைகொடுக்கவில்லை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பேட்டரி அமிலம் ஊறியிருந்ததாலோ என்னவோ. கொப்பரை நிறையச் சேறுபோல் ஒன்று கலங்கி நின்றது. பிரியவில்லை, தெளியவில்லை. ஊற்றிய லோரி கக்கி நின்றது.

அதிகாரி கந்தையாவின் கன்னத்தில் அறைந்தான். கண்ணாடி கீழே விழுந்து, மிச்சமிருந்த பக்கமும் உடைந்தது. அவர் குனிந்து அதைத் தேடவில்லை. கொப்பரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கிள்ளானில் யார் செய்தது?” என்று கேட்டான் அதிகாரி.

முதலாளி என்னை முன்னால் தள்ளினார். ஒருவனையாவது காப்பாற்ற நினைத்தார் அந்த மனிதர். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். “இவன் கைதாங்க! இவன் கையால செஞ்சது நல்லா ஓடுச்சு!”

அன்றைக்கே கந்தையாவை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் கிள்ளானுக்குப் போய்ப் பையை எடுத்து வந்தேன். அதே கொப்பரை, அதே எண்ணெய், அதே சாராயம். பையைத் தொங்கவிட்டேன். தெளிந்து வந்தது, தங்கமாக!

“பாகுஸ்! பாகுஸ்!” என்று மலாயில் மெச்சி அதிகாரி என் தோளில் தட்டினான். சுற்றி நின்றவர்கள் ஆரவாரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே குளிர்ந்துபோயிருந்தேன். ஆனால் சிரித்தேன்!

கோலாலம்பூர் ஸ்டேஷனிலிருந்து ரயில் புறப்படுகிற நாளில் முதலாளி அவித்த மரவள்ளிக் கிழங்கு கொடுத்தனுப்பினார். நான்தான் லோரியை ஓட்டிப் போனேன். சாமான் ஏற்றுகிற பெட்டியில் ஆட்களை அடைத்திருந்தார்கள். கந்தையா கதவோரம் நின்றார். என் முகம் அவருக்குத் தெரியவில்லை. குரலைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

“உம்மடை கொப்பரை தெளிஞ்சுதாமே? கேள்விப்பட்டன். கைராசி காணும் உமக்கு! நான் எங்கை பிழை விட்டன் எண்டு போற வழியெல்லாம் யோசிச்சுப் பாக்கலாம். நிறைய நேரம் இருக்குது.”

கிழங்குப் பொட்டலத்தை நீட்டினேன். அவர் கை என் கையைத் தொட்டது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர் இறங்கியிருக்க முடியாது, உண்மை. ஆனால் யோசித்துக்கொண்டே போயிருக்க வேண்டியதில்லையே...

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். இதைத்தான் இன்னும் தாங்க முடியவில்லை.

எனக்குத் தைரியம் வந்தது! என் ஆயுசில் முதன்முறையாக! ஒருநாள் அதிகாரியிடம் போய், “கொட்டை உடைக்க ஆள் வேணும்” என்றேன். கொடுத்தான். “விறகு பிளக்க ஆள் வேணும்” என்றேன். கொடுத்தான். தோட்டத்திலிருந்து பிடித்து வைத்திருந்தவர்களைக் கைகாட்டி, “இவன் எண்ணெய் வடிக்கிறதுல கெட்டிக்காரன், இவன் இல்லாட்டி முடியாது” என்று புளுகினேன். அவன் வாழ்நாளில் எண்ணெய் வடித்ததில்லை! கொடுத்தான்!

அப்படி எத்தனை பேரை இழுத்துக்கொண்டேன்! தகப்பன்கள், புதுமாப்பிள்ளைகள், ஒரு நாதஸ்வரக்காரர், ஒரு முடி திருத்துகிறவர். அவர்கள் ஒருவரும் சயாமுக்குப் போகவில்லை. இன்று கிள்ளானில் அவர்களுடைய பேரப் பிள்ளைகள் நடமாடுகிறார்கள். பிரசவ வலியில் துடித்த ஒருத்தியை எங்கள் லோரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அந்தப் பிள்ளைக்கு என் பெயரைத்தான் வைத்தார்கள். நாங்கள் ஜெயித்தோம். ஆமாம், ஜெயித்தோம்! விஷக் கொட்டையும் கிழங்குச் சாராயமும் ஒரு கைப்பிடி ஈயமும் வைத்துக்கொண்டு, ஒரு சாம்ராஜ்யத்தின் வாயிலிருந்து ஆட்களைப் பிடுங்கினோம்!

கேட்டதெல்லாம் கொடுத்தான்...

அப்படியென்றால் அவரையும் கேட்டிருக்கலாமே! ரயில் புறப்படுமுன் ஒரு வாய் கேட்டிருந்தால்! “கந்தையா இல்லாட்டி முடியாது” என்று சொல்லியிருந்தால்! அதில் புளுகுகூட இல்லையே!

நாதஸ்வரக்காரருக்காகப் புளுகத் தெரிந்த எனக்கு, அவருக்காக உண்மை சொல்லத் தெரியவில்லை.

அஞ்சலை ஒருநாள் கேட்டாள். “ஏன்யா, இப்பல்லாம் நீ கதவப் பூட்டுனமான்னு திரும்பி வந்து பாக்கறதில்ல?”

பயப்பட்டது நடந்து முடிந்துவிட்டால் பிறகு எதற்குத் திரும்பிப் பார்ப்பது?

1945-இல் ஜப்பான்காரன் தோற்றான். ஊரெல்லாம் கொண்டாட்டம். பெட்ரோல் இன்னும் வந்து சேரவில்லை. எங்கள் லோரிதான் ஓடியது. முன்னால் வாழைக்குலை கட்டி, நாதஸ்வரக்காரரை மேலே உட்காரவைத்து வாசிக்கவிட்டு, கிள்ளானைச் சுற்றி வந்தோம். எனக்கு மாலை போட்டது அன்றைக்குத்தான்.

அந்த வருஷக் கடைசியில், சயாமிலிருந்து மிஞ்சியவர்கள் வருகிறார்கள் என்று சேதி வந்தது. ஸ்டேஷனிலிருந்து அவர்களை வீடு சேர்க்க வண்டி வேண்டும். நான் ஓட்டிப் போனேன்.

இறங்கியவர்களை நான் வர்ணிக்கப் போவதில்லை. எலும்பு நடந்து வந்தது, ஒரு முகமும் அடையாளம் தெரியவில்லை என்று மட்டும் சொல்கிறேன். கைத்தாங்கலாகத் தூக்கி லோரியில் ஏற்றினோம். என் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிடுவார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்போது மனசுக்குள் ஒரு மூலையில்... ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. ஆமாம்! நிம்மதி! அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

எஞ்சினைச் சுழற்றினேன். புகை கிளம்பியது.

“வடை!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். நலிந்த குரல். “வடை வாசம்! பாரும், வடை வாசம்! வேலு! நீர்தானே? இது எங்கடை எண்ணெய்!”

கந்தையா!

நான் இறங்கி ஓடினேன். லோரியின் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் சீழ்ப்புண், கந்தல் சுற்றியிருந்தது. கண்கள் எங்கோ பார்த்தன. முகமோ பங்சார் மேட்டு உச்சியில் இருந்த முகம்!

“இவ்வளவு நாளும் ஓடுதோ? நிக்கேல்லையோ?”

“நிக்கலைங்கய்யா.”

“வெண்டிட்டம் காணும்!” பக்கத்தில் இருந்தவரின் தோளைப் பிடித்து உலுக்கினார். “கேட்டியளோ? இது என்ரை யோசனை! கை இவரின்ரை கை!” பிறகு என் பக்கம் குனிந்தார். குரலைத் தாழ்த்தினார். “அங்கை கல்லுச் சுமக்கேக்கையும் இதைத்தான் யோசிச்சன். யோசிக்க ஒண்டு இருந்ததாலைதான் உயிரோடை வந்தன் எண்டு நினைக்கிறன். ஒண்டு சொல்லும். அந்தப் பையிலை என்ன ஈயம் போட்டனீர்?”

லோரி நின்ற இடத்தில் பாடிக்கொண்டிருந்தது.

இப்போது சொன்னால் என்ன? ஜப்பான்காரன் இல்லை. சயாம் ரயில் இல்லை. என்னை எவனும் எங்கும் அனுப்ப முடியாது. பயப்பட ஒன்றுமே இல்லை! ஆனால் சொன்னால் ஆலையில் அன்று என் வாய் ஏன் திறந்து மூடியது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அந்த முகம் என்னைப் பார்த்து மாறும். பார்வையில்லாத அந்தக் கண்களைக்கூட எனக்குப் பயமாக இருந்தது.

“நீங்க சொன்ன அதே ஈயந்தாங்கய்யா” என்றேன்.

பாருங்கள்... ஒரு எழுத்துப் பொய்யில்லை! என் ஊர்ப் பேச்சில் அது முழு உண்மை. அப்படிச் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தேன்!

அவர் மெல்லத் தலையாட்டினார். “அப்ப பிழை என்ரை கையிலைதான்” என்றார். சிரித்தார். “பரவாயில்லை. எங்கடை லோரி ஓடுதே!”

பிரிக்பீல்ட்ஸில் அவரை இறக்கிவிட்டேன். அதற்குப் பிறகு டீசல் வந்தது, பெட்ரோல் வந்தது, ரப்பர் கொட்டையை யாரும் பொறுக்கவில்லை. அவர் மட்டும் விடவில்லை என்று கேள்விப்பட்டேன். வீட்டுக்குப் பின்னால் சின்னச் சட்டி வைத்து, தடவித் தடவிப் பேட்டரித் தகடுகளை உருக்கி, திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பார்ப்பாராம். ஒவ்வொரு முறையும் கலங்கியே வருமாம். கையில் ராசி இல்லை என்று சொல்லிச் சிரிப்பாராம். ஈரத் தரையில் அவர் விழுந்து இறந்த அன்றும் அடுப்பில் சட்டி இருந்ததாம்.

அவருடைய சாவு வீட்டில் என்னைப் பேசச் சொன்னார்கள். எண்ணெய் கண்டுபிடித்த கதையைச் சொன்னேன். எல்லோரும் அழுதார்கள், கைதட்டினார்கள்.

பை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. துணி கறுத்துவிட்டது, தையல் பிரியவில்லை. கலியாணத் தரகர் குறையாமல் போவார் என்று அவர் சொன்னாரே... இதை எழுத உட்காருமுன் அதை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். அத்தனை எண்ணெய், அத்தனை லோரிப் பயணம், அத்தனை வருஷம்...

கனம் அப்படியே இருக்கிறது!